செட் அடித்தபின் செக்கா, பெட்டா?

வாசகர் கேள்வி: 5 அக்டோபர் 2025, மாலை 6.40

நேற்று நண்பர் வீட்டுப் போக்கர் ஆட்டத்தில் என் கையில் கிளாவர் 8, டைமன் 8. எதிரே ஒரே ஒருவர். ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ஆட்டின் (ஹார்ட்) ஜாக்கி, இஸ்பேட் 8, ஆட்டின் 5. மூன்று எட்டு, அதாவது செட்! பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயம்) 100 இருந்தது. பெட் போட்டால் ஆள் ஓடிவிடுவாரே என்று எதுவும் போடாமல் செக் சொன்னேன். அவரும் செக். டர்னில், நான்காவது சீட்டாக, ஆட்டின் 2. நான் 50 போட்டேன், அவர் 150 ஆக்கினார், நான் ஆல் இன், கையிலிருந்த எல்லாமே உள்ளே. அவரிடம் ஆட்டின் ஏஸும் ஆட்டின் 9உம் இருந்தன. கடைசிச் சீட்டான ரிவர் எனக்கு உதவவில்லை. வலுவான கை வந்தால் மறைத்து ஆட வேண்டும் என்றுதான் இத்தனை நாளாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் செய்தது தவறா, இல்லை வெறும் துரதிர்ஷ்டமா?

5 அக்டோபர், இரவு 11.15

தவறுதான். ஆனால் அவருக்கு ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) வந்ததால் அது தவறாகவில்லை. டர்னில் ஆட்டின் வராமல் ஒரு கறுப்பு 3 வந்திருந்தாலும் அந்தச் செக் அதே அளவு தவறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாப்பில் நீங்கள் பெட் போட்டிருந்தால் இந்தக் கையில் தோற்றிருக்க மாட்டீர்களா? தோற்றிருப்பீர்கள். ஆட்டின் ஏஸும் 9உம் வைத்திருப்பவர் அந்த ஃபிளாப்பில் எந்த பெட்டுக்கும் சீட்டைக் கவிழ்த்து விலக மாட்டார். அதே அளவு போட்டுக் கால் பண்ணியிருப்பார், டர்னில் ஃபிளஷ் அடித்திருப்பார், நீங்கள் இன்னும் கொஞ்சம் கூடவே இழந்திருப்பீர்கள். ஆகவே இந்த ஒரு கையின் முடிவை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டில் 100. ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் பாதி போடுகிறீர்கள், அவர் கால் பண்ணிக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பில் 50, பாட் 200 ஆகிறது. டர்னில் 100, பாட் 400. ரிவரில் 200, பாட் 800. அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது 350. இப்போது ஃபிளாப்பில் செக் சொல்லிப் பாருங்கள். டர்னில் 50, ரிவரில் 100. வந்தது 150தான். ஃபிளாப்பில் விட்டது 50 என்று நினைக்கிறோம், ஆனால் உண்மையில் போனது 200. ரிவரில் போட வேண்டிய அந்தக் கடைசி 200தான் காணாமல் போகிறது.

பாட் முழுவதும் போட்டு ஆடுபவர்களுக்கு இது இன்னும் கொடுமை. 100, 300, 900 என்று போனால் மொத்தம் 1300. ஒரு சுற்றைத் தவறவிட்டால் 100, 300, அவ்வளவுதான். 900 போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆனது. செட் என்பது தினம் வருகிற கை இல்லை. கையில் ஜோடி வந்திருந்தாலும் ஃபிளாப்பில் அது செட் ஆவது 100 தடவையில் 12 தடவைக்கும் கொஞ்சம் குறைவு. அப்படி வந்த கையைச் சின்ன பாட்டில் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஃபிளஷ் கணக்கு. அவருக்கு இன்னும் 9 ஆட்டின்கள் பாக்கி. அவர் பார்வையில் தெரியாத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே அடிக்க ஏறத்தாழ 19 சதவீதம். நீங்கள் 50 போட்டிருந்தால், 200 ஆகப்போகும் பாட்டுக்காக அவர் 50 கட்ட வேண்டும். அதாவது நாலில் ஒரு தடவையாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். 19 என்பது 25ஐ விடக் குறைவு. நீங்கள் செக் சொன்னதால் அந்தச் சீட்டை இலவசமாகப் பார்த்தார்.

6 அக்டோபர், காலை 7.30

நேற்று இரவு எழுதியதில் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும்.

ஒன்று. 9 ஆட்டின் என்றேன். அவர் பார்வையில் அது சரி. இரண்டு கையும் தெரிந்த நமக்கு அது சரியில்லை. ஆட்டின் 8 இன்னும் சீட்டுக் கட்டிலேயே இருக்கிறது. அது வந்தால் அவருக்கு ஃபிளஷ், உங்களுக்கு நான்கு எட்டு. எனவே அவருக்கு உண்மையில் உதவும் சீட்டு 8. தெரியாத சீட்டு 45. ஏறத்தாழ 18 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தப்பாக எழுதிவிட்டு விட்டுவிட முடியவில்லை.

இரண்டு. 50 போட்டால் அவருக்குக் கட்டுப்படியாகாது என்றேன். அந்த ஒரு சீட்டை மட்டும் பார்த்தால்தான் அது உண்மை. ஃபிளஷ் அடித்த பிறகு உங்களிடமிருந்து இன்னும் வரப்போகிற சிப்ஸை அவர் மனதில் வைத்திருப்பார். நீங்கள் ஆல் இன் போனீர்களே, அதை அவர் எதிர்பார்த்திருந்தால் 50 அவருக்கு மலிவு. இரண்டு ஆட்டின் கிடக்கும் ஃபிளாப்பில் நான் பாதியோடு நிற்க மாட்டேன், 75 போடுவேன். அப்போது அவருக்கு 30 சதவீதம் தேவைப்படும்.

டர்னில் ஆல் இன் போனதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதை நான் பெரிய தவறாக எண்ணவில்லை. அந்த நேரத்தில் உங்களுக்கு 10 சீட்டுகள் ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஜோடி) அல்லது நான்கு எட்டு கொடுத்திருக்கும்: ஒரு 8, மூன்று ஜாக்கி, மூன்று 5, மூன்று 2. 44க்கு 10. அதோடு அவர் ஜாக்கியோடு ரெய்ஸ் பண்ணும் (மேலே கூட்டிப் போடும்) ஆளாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் 150க்குக் கால் பண்ணி ரிவரைப் பார்த்திருக்கலாம்.

6 அக்டோபர், மதியம் 2.05

"பெட் போட்டால் கவிழ்த்துவிடுவாரே" என்று மறுபடி கேட்கிறீர்கள். சரி, யார் கவிழ்ப்பார்கள் என்று பெயர் சொல்லிப் பாருங்கள். ஜாக்கி வைத்திருப்பவர் கவிழ்க்க மாட்டார். 7உம் 6உம் வைத்து இரண்டு பக்கமும் ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருப்பவர் கவிழ்க்க மாட்டார். 10-10, 9-9 கவிழ்க்காது. ஃபிளஷுக்குக் காத்திருப்பவர் கவிழ்க்கவே மாட்டார். கவிழ்ப்பவர் 4-3 மாதிரி ஒன்றுமில்லாதவர். அவருக்குச் செக் கொடுத்தாலும் அவர் பிறகு உங்களுக்கு எதுவும் கட்டப்போவதில்லை.

இடையில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஏஸ்-ராணி, ராஜா-ராணி மாதிரி. ஃபிளாப்பில் ஒன்றும் இல்லை, கவிழ்த்துவிடுவார்கள். இலவசமாக ஒரு சீட்டு காட்டினால் ஏஸோ ராணியோ விழுந்து ஜோடி ஆகும், பிறகு உங்களிடம் நிறையவே கட்டுவார்கள். மறைத்து ஆடுவதன் உண்மையான லாபம் இந்தக் கூட்டத்திடம்தான். அதனால் நான் எனக்கு நானே கேட்டுக்கொள்வது: அவருக்கு நல்லதாகத் தோன்றுகிற சீட்டு வந்தால், அப்போதும் நான்தான் முன்னால் இருப்பேனா? உங்கள் ஃபிளாப்பில் ஏஸ் வந்தால் ஆமாம். ஆட்டின் வந்தால் இல்லை. 7, 6, 9 வந்தால் சந்தேகம். அத்தனை சந்தேகம் இருக்கும் ஃபிளாப்பில் செக் வேண்டாம்.

8 அக்டோபர், இரவு 10.50

"அப்படியானால் ஜானி சான் ஏன் செக் சொன்னார்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எதிர்பார்த்தேன். மறைத்து ஆடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது 1988க்குப் போகாமல் இருக்க மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக: லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முதன்மை ஆட்டம், 1988. நுழைவு 10,000 டாலர், ஆடியவர்கள் 167 பேர், முதல் பரிசு 7,00,000 டாலர். கடைசியில் மிஞ்சியது இருவர், ஜானி சானும் எரிக் சைடலும். சான் கையில் ஜாக்கி-9. சைடல் கையில் ராணி-7. ஃபிளாப்பில் ராணி, 10, 8. சானுக்கு அப்போதே ஸ்ட்ரெய்ட் முடிந்துவிட்டது, அந்த நொடியில் அதை வெல்லும் கை எதுவும் கிடையாது. சைடலுக்கு ராணி ஜோடி. டர்ன் 2, இருவரும் செக். ரிவர் 6. சான் மறுபடி செக் சொன்னார், சைடல் ஆல் இன் தள்ளினார், கதை முடிந்தது. பத்து வருடம் கழித்து ஓர் ஆங்கிலப் படத்தில் அந்தக் காட்சியைக் காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

அந்தக் கை எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே இருந்ததெல்லாம் நம் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் இரண்டே பேர். இரண்டே பேர் ஆடும்போது ராணி ஜோடி பெரிய கை, அதை வைத்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார். அடுத்தது, சைடல் ஒரே சீட்டில் சானைத் தாண்ட வழியே இல்லை. இரண்டு சீட்டு அடுத்தடுத்துச் சாதகமாக விழ வேண்டும். உங்கள் எட்டுகளுக்கு எதிரே ஆட்டின் ஒன்று விழுந்தாலே போதும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு "சான் செக் சொன்னார், நானும் சொல்கிறேன்" என்று சொல்ல முடியவில்லை.

கொக்கு உறுமீனுக்காக வாடி நிற்கும் என்பது நம் ஊர்ப் பழைய பேச்சு. கொக்கு நிற்பது மீன் இருக்கும் குளத்தில். சைடல் அந்தக் குளத்தில் இருந்தார்.

8 அக்டோபர், இரவு 11.05

விட்டுப்போனது: 1987இலும் சான்தான் வென்றார். 1989இலும் கடைசி இருவரில் ஒருவராக வந்து, 24 வயது ஃபில் ஹெல்முத்திடம் தோற்றார். சைடலும் லேசுப்பட்டவர் இல்லை, இன்றைக்கு அவரிடம் உலகத் தொடரில் வெல்பவருக்குத் தரும் பிரேஸ்லெட்டுகள் 10 இருக்கின்றன. அவரை அந்த ஒரு கையால் மட்டும் நினைவு வைத்திருப்பது அநியாயம்.

12 அக்டோபர், ஞாயிறு இரவு 11.40

இன்று எங்கள் மேசை. ஆறு பேர், சிப்ஸ் மட்டும், கடைசி இடத்தில் முடிப்பவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்க வேண்டும். மேல் வீட்டில் இருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்களோடு ஆடுவார். அவருக்குக் கவிழ்ப்பது பிடிக்காது. எந்த ஜோடி இருந்தாலும் ரிவர் வரை வருவார்.

என் கையில் ராஜா-ராஜா. ஃபிளாப்பில் ராஜா, 7, 2, மூன்றும் மூன்று ஜாதி. பாட்டில் 60. மாமா மட்டும் எதிரில். ஒரு வாரமாக இங்கே "பெட் போடுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த இடத்தில் நான் செக் சொன்னேன். ஸ்ட்ரெய்ட், ஃபிளஷ் பயம் இல்லாத இவ்வளவு காய்ந்த ஃபிளாப்பில் அவரிடம் என்ன இருக்கும் என்ற எண்ணம். அவரும் செக். டர்ன் 9. 30 போட்டேன், கால். ரிவர் 4. 60 போட்டேன், கால். அவர் கையில் 7-6.

சீட்டைக் காட்டியதும் மாமா சொன்னார்: "ஃபிளாப்புல போட்டிருந்தாலும் வந்திருப்பேனே தம்பி. ஏழு ஜோடி இருந்துச்சே."

எனக்கு வந்தது 90. மூன்று சுற்றும் பாதி பாதி போட்டிருந்தால் 30, 60, 120 என்று 210 வந்திருக்கும். 120 சிப்ஸ் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். இரவு முழுக்க அதே நினைப்பு.

13 அக்டோபர், காலை 6.50

நேற்றைய கையை மறுபடி யோசித்தேன். மாமாவுக்கு எதிராக அந்தச் செக் தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்து ஆடுகிற ஒருவருக்கு எதிராக என்றால்?

ராஜா-7-2 ஃபிளாப்பில் என்னிடம் இரண்டு ராஜா, மேசையில் ஒன்று. கட்டில் பாக்கி ஒரே ஒரு ராஜா. அவரிடம் ஏஸ்-ராஜா இருக்க எத்தனை வழி? ஒரு ராஜா, நான்கு ஏஸ், ஆக 4 வழி. ராஜா-ராணிக்கும் 4 வழி. இதே ஃபிளாப்பில் என்னிடம் 7-7 இருந்தால் ஏஸ்-ராஜாவுக்கு 16 வழி. அதாவது, எனக்கு நன்றாகக் கட்டக்கூடிய கைகளையெல்லாம் நானே கையில் பிடித்து வைத்திருக்கிறேன். மேசையிலேயே மிகப் பெரிய செட்டுக்குத்தான் பணம் வருவது கடினம். நடு செட்டுக்கும் கடைசி செட்டுக்கும் நிறைய ஆள் இருக்கிறார்கள்.

இது எனக்குப் பிடித்த விஷயம். கை எவ்வளவு வலுவோ அவ்வளவு மறைக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். எதிராளியிடம் கட்டுவதற்குக் கை மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ராஜா-ராஜாவுக்குச் செக் சொல்ல ஒரு நியாயம் உண்டு: அவருக்கு ஒரு ஜோடி விழட்டும் என்று காத்திருப்பது, அதுவும் ஸ்ட்ரெய்ட், ஃபிளஷ் பயம் இல்லாத இந்த ஃபிளாப்பில். 7-7க்கும் 2-2க்கும் அந்த நியாயம் இல்லை. ராஜா வைத்திருப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கலாம், அவரிடம் முதல் சுற்றிலிருந்தே வாங்க வேண்டும்.

14 அக்டோபர், காலை 8.10

திருத்தம். 7-7 இருந்தால் ஏஸ்-ராஜாவுக்கு 16 வழி என்று எழுதியது தவறு. மேசையில் ஒரு ராஜா கிடக்கிறதே. மூன்று ராஜா, நான்கு ஏஸ், 12 வழி. 4க்கும் 12க்கும் மூன்று மடங்கு. சொன்ன விஷயம் மாறவில்லை.

21 அக்டோபர், இரவு 9.30

நேற்று தீபாவளி. மாமனார் வீட்டில் மதியம் ரம்மி, இரவு போக்கர். அத்தை ரம்மியில் ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் முறுக்கு தின்றுகொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும். அந்த முகம் எனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் ரம்மியில் மறைப்பதற்கு விலை கிடையாது. ஜெயித்தால் எதிராளிகளின் புள்ளி முழுதாக வருகிறது, நாம் மறைத்ததால் அது குறைவதில்லை. போக்கரில் நாம் வளர்த்தால்தான் பாட் வளரும்.

இரவு ஆட்டத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம், நான்கு பேர் ஃபிளாப் பார்த்தோம். என்னிடம் ஜாக்கி-10. ஃபிளாப்பில் 9-8-7, அதில் இரண்டு கிளாவர். இப்போதைக்கு இதைவிடப் பெரிய கை இல்லை. மச்சினன் எனக்குப் பிறகு ஆட வேண்டியவன், அவன் எப்போதும் பெட் போடுவான் என்று செக் சொன்னேன். அவன் போடவில்லை. யாருமே போடவில்லை. டர்னில் 10.

இப்போது மேசையில் 10-9-8-7. ஜாக்கி வைத்திருக்கும் யாரும் என்னோடு சமம். ராணி-ஜாக்கி வைத்திருப்பவர் என்னைத் தாண்டிவிட்டார். 6 வைத்திருப்பவருக்கும் ஸ்ட்ரெய்ட், ஆனால் அவர் பயப்படுவார். ஜோடி, இரண்டு ஜோடி, செட் வைத்திருந்து ஃபிளாப்பில் சந்தோஷமாகக் கட்டியிருக்கக்கூடிய எல்லோரும் ஒரே சீட்டில் கைகட்டிக்கொண்டார்கள். நான் பெட் போட்டேன், இரண்டு பேர் கவிழ்த்தார்கள், மச்சினன் மட்டும் வந்தான், அவனிடமும் ஜாக்கி. பாட்டை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். செக் சொன்னால் தோற்றுப்போவோம் என்று மட்டும்தான் இதுவரை பயப்படுத்தினேன். தோற்காமலேயே நஷ்டம் வரும். எல்லோரையும் பயப்படுத்துகிற ஒரு சீட்டு விழுந்தால் நமக்கு வர வேண்டியது அங்கேயே நின்றுபோகும். 9-8-7 மாதிரி ஃபிளாப்பில் 5, 6, 10, ஜாக்கி, எந்தக் கிளாவரும், ஜோடியாக்கும் எந்தச் சீட்டும் அந்த வேலையைச் செய்யும். கட்டில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட சீட்டுதான். எதிரில் மூன்று பேர் இருக்கும்போது அங்கே செக் சொன்னதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

22 அக்டோபர், காலை

சிப்ஸ் ஆட்டம் பற்றி ஒரு வரி. தோற்றால் பரோட்டா மட்டும்தான் என்கிற மேசையில் யாரும் எளிதில் கவிழ்ப்பதில்லை. அங்கே மறைத்து ஆடுவது எதற்கு என்றே தெரியவில்லை. வலுவான கை வந்தால் போடுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே போடுங்கள். கட்டுவார்கள்.

ஆன்லைனில் எங்கே ஆடலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடும் தளங்கள் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டன. நான் வீட்டு மேசையைத்தான் சொல்வேன். எதிராளி முகமும் தெரியும், பரோட்டாவும் கிடைக்கும்.

2 நவம்பர், ஞாயிறு இரவு 12.10

ரிவர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஆட வேண்டியவர் நீங்கள், கையில் ஃபுல் ஹவுஸ். பெட் போடுவதா, செக் சொல்லி அவர் போட்டதும் ரெய்ஸ் பண்ணுவதா?

பாட்டில் 400 என்று வைப்போம். 200 போடுகிறீர்கள், இரண்டு தடவைக்கு ஒரு தடவை கால் வருகிறது. சராசரி 100. இப்போது செக். பத்துக்கு மூன்று தடவை அவர் 200 போடுகிறார், அதில் சராசரி 60. நீங்கள் 600 ஆக்குகிறீர்கள், அந்த மூன்றில் ஒரு தடவை அவர் இன்னும் 400 கட்டுகிறார். சராசரி 40. கூட்டினால் 100. இரண்டும் சமம்.

ஆக, செக் லாபமாக இருக்க வேண்டுமானால் பத்துக்கு மூன்றுக்கும் மேல் அவரே போட வேண்டும். டர்னில் செக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவர் ரிவரில் அவ்வளவு போட மாட்டார், என் அனுபவத்தில். டர்னில் தானே போட்டுக்கொண்டு வந்தவர் போடுவார். முந்தைய சுற்றில் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக ஆட வேண்டியவர் நீங்கள், யாரும் வெல்ல முடியாத கை, எல்லோரும் செக் சொல்லிவிட்டார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். அங்கே செக் சொன்னால் ஒரு பைசா லாபம் இல்லை. பல போட்டிகளில் அப்படிச் செக் சொல்பவருக்குத் தண்டனையே உண்டு, நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று சந்தேகப்படுவார்கள்.

3 நவம்பர், இரவு

இன்னொரு சந்தேகம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, அது இப்போதுதான் தெளிவானது. போன வருடம் கோவா போயிருந்தபோது மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் ஓர் இரவு ஆடினேன். எதிரே ஓர் இளைஞர். ஃபிளாப்புக்கு முன்பே ரெய்ஸ் பண்ணுவார், யார் செக் சொன்னாலும் பெட் போடுவார். எனக்கு 9-9, ஃபிளாப்பில் ஏஸ்-9-4, மூன்று ஜாதி. நான் முதலில் ஆட வேண்டும். செக் சொன்னேன், அவர் போட்டார், கால். டர்ன் 2, அதே மாதிரி. ரிவர் 6, செக், போட்டார், ரெய்ஸ் பண்ணினேன், ஏஸ்-ராஜாவோடு கால் பண்ணினார். நான் ஆடியதிலேயே பெரிய பாட் அது.

இத்தனை நாளாக அதை நான் மறைத்து ஆடிய வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. ஃபிளாப்புக்கு முன்பு ரெய்ஸ் பண்ணியவருக்குச் செக் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். ஒரு சுற்றும் வீணாகவில்லை, மூன்று சுற்றும் பாட் வளர்ந்தது, அவர் போட்ட பெட்டால் வளர்ந்தது. முதல் நாள் நான் எழுதிய கணக்கில் 200 போனதற்குக் காரணம் இருவரும் செக் சொன்னது. நான் மட்டும் செக் சொல்லி அவர் போட்டால் எதுவும் போகாது.

ஆகவே முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். செக் சொல்லும் முன் "இவர் இப்போது போடுவாரா?" என்று கேளுங்கள். போடுவார் என்று உறுதியாகத் தோன்றினால் செக்கில் தவறில்லை, ஆட்டின் இரண்டு கிடந்தாலும்கூட. அவர் போட்டதும் ரெய்ஸ் பண்ணிவிடலாம்.

9 நவம்பர், இரவு 11.55

இன்று மாமா ஒன்று சொன்னார், இன்னும் காதில் இருக்கிறது: "நீ செக் சொன்னா கையில ஒண்ணும் இல்லைன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு தம்பி."

என் யோசனையைக் கேட்டு நானே ஆடியதன் பலன். ஒரு மாதமாக வலுவான கை எல்லாவற்றுக்கும் போட்டேன், வலுவில்லாததற்கெல்லாம் செக் சொன்னேன். வாராவாரம் அதே ஆறு பேர். கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? இன்று நான் செக் சொன்ன ஒவ்வொரு தடவையும் யாராவது போட்டார்கள், நான் கவிழ்த்தேன்.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, சில வலுவான கைகளையும் செக் பக்கம் வைப்பது. ராஜா-7-2இல் ராஜா-ராஜா மாதிரி, இலவசச் சீட்டு கொடுத்தாலும் கெட்டுப்போகாத கைகளை. மற்றது, ஃபிளஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ காத்திருக்கும் கைகளையும் பெட் பக்கம் கொண்டுவருவது, அப்போதுதான் நான் போட்டால் செட்தான் என்று அவர்கள் கவிழ்க்க மாட்டார்கள். இரண்டாவது எனக்கு இன்னும் கைவரவில்லை. ஒன்றுமில்லாத கையோடு டர்னிலும் போட வேண்டி வரும்போது விரல் நின்றுவிடுகிறது.

23 நவம்பர், ஞாயிறு காலை 10.20

முதல் கேள்வி கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். கையில் 5-5, ஃபிளாப்பில் ராணி-10-5, இரண்டு இஸ்பேட். பாட்டில் 80. இந்தத் தடவை 60 போட்டாராம், கால் வந்ததாம். டர்னில் டைமன் 3. 100 போட்டிருக்கிறார், எதிராளி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்திருக்கிறார். "கூடப் போட்டு ஓட்டிவிட்டேனா?" என்கிறார்.

பாட் 200, நீங்கள் போட்டது பாதி. கூட இல்லை. யோசித்துக் கவிழ்த்தவரிடம் ராஜா-ஜாக்கியோ இரண்டு இஸ்பேடோ இருந்திருக்கலாம். இல்லை, 10 ஜோடியாக இருந்து, உங்கள் கையைச் சரியாகக் கணித்திருக்கலாம். நான் என்றால் 130 போட்டிருப்பேன். அவர் அடுத்த சீட்டைப் பார்க்காமல் போனது உங்களுக்கு நஷ்டம் இல்லை, 140 சிப்ஸ் உங்கள் பக்கம் வந்தாயிற்று.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் மேசை. மாமா போன வாரம் கடைசி இடத்தில் முடித்தார், இன்று பரோட்டா அவருடையது. அவருக்கு எதிராக இரண்டு இஸ்பேடோ கிளாவரோ வைத்து டர்னிலும் ஒரு தடவை போட்டுப் பார்க்கப் போகிறேன். கவிழ்க்க மாட்டார் என்று தெரியும், மற்ற நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா.